செவலை ஓடாத பந்தயம்

— ஜெயிச்ச குதிரைக்கு எதுக்குடா பாதிக் காசு?

— சோறு போட்டுட்டுக் கேளேன் அக்கா. நேத்துப் பந்தயத்துலேர்ந்து வயிறு காலி.

— போடறேன். முதல்ல சொல்லு. பக்கத்து வீட்டு ஜிசெல் சாம்பல் குதிரை மேல மூணு ரூபாய் கட்டினா. ஒண்ணுக்கு ஆறுன்னாங்க. குதிரையும் ஜெயிச்சுது. பதினெட்டு வரணும். என் கை... அவ கையில குடுத்தது ஒன்பது.

— கட்டின மூணையும் திருப்பிக் குடுத்திருப்பானே, பந்தயக்காரன்?

— குடுத்தான். அதைக் கேக்கல.

— செவலை ஓடலைல்ல, அதான். ஜெயிக்கும்னு எல்லாரும் நம்பின குதிரை. அது கடைசி நேரத்துல விலகிட்டா மத்ததுக்கெல்லாம் சுலபம். பழைய கணக்குல குடுக்கமாட்டான். ஜெயிச்ச காசுல பாதியைப் பிடிச்சுக்குவான்.

— செவலை மேல கட்டினவங்களுக்கு?

— கட்டினது அப்படியே திரும்பிடும். கொழம்பு ஊத்து...

— அந்தச் செவலையைப் பார்த்துக்கறவன் நீதானே.

— நான் வெறும் குதிரைக்காரன். நிறுத்தினது முதலாளி, முசியே ரோபெர். அவர் குதிரை, அவர் இஷ்டம்.

— நொண்டுதுன்னு அவர்கிட்ட சொன்னது யாரு?

— ...உனக்கு யார் சொன்னா?

— ஜிசெல் புருஷன் ஆல்பெர். அங்கதான் நின்னானாம். காலையில நல்லா நடந்த குதிரை, நீ குனிஞ்சு லாடத்தைப் பார்த்த பிறகு நொண்டுச்சாம்.

— ஆல்பெருக்குக் குதிரைக்கும் கழுதைக்கும் வித்தியாசம் தெரியாது.

— சிரிக்காதே, லிங்கம். பந்தயக்காரன் உனக்கு எவ்வளவு குடுத்தான்?

— குடுத்திருந்தா இந்தக் கிழிஞ்ச சட்டையோடவா வருவேன்?

— வாங்கினவன் மறுநாளே புதுச் சட்டை போடமாட்டான். முசியேவுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். லாயத்துல படுக்கிற இடமும் போயிடும். என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— மாமா எங்க?

— கரும்புக்குக் களையெடுக்கப் போயிருக்கார். பேச்சை மாத்தாதே.

— நேத்து பந்தயம் முடிஞ்சு எப்ப வந்தார்?

— கடைசி ரயிலுக்கு. கால்கூடக் கழுவல. நேரா போய் இரும்புப் பெட்டியைத் திறந்து மூடினார். விபூதி எடுக்கன்னார்... ஏன்?

— நாளைக்கு நிலத்துக்காகப் பத்திரம் எழுதற நோட்டரிகிட்ட கட்டற காசு அதுலதானே இருக்கு?

— நாற்பது ரூபாய். கடைசித் தவணை. கட்டலைன்னா நிலமே நம்மகிட்ட நிக்காது. அதுக்கும் இதுக்கும் என்ன?

— எண்ணிப் பார்த்தியா?

— இன்னிக்குக் காலையில எண்ணினேன். சரியா இருக்கு.

— நேத்துக் காலையில எண்ணியிருந்தா இருந்திருக்காது.

— ஏன், எங்க போச்சு?

— மாமா லாயத்துக்கு வந்தார் அக்கா. உன் செவலை மேல நாற்பதையும் கட்டிட்டேன், அக்காகிட்ட மூச்சு விடாதேன்னார். அது இருமற குதிரை. ஓடினா கடைசிதான். கட்டின காசைப் பந்தயக்காரன்கிட்ட போய்க் கேட்டா குடுப்பானா? குதிரை ஓடாம நின்னாத்தான் குடுப்பான். இருமலுக்கெல்லாம் முசியே நிறுத்தமாட்டார். நொண்டினா நிறுத்துவார். லாடத்துக்குள்ள சின்னக் கல்லுதான்... அப்புறம் எடுத்துட்டேன்.

— இந்தா, கொழம்பு. சாப்பிடு.

— ஜிசெல்கிட்ட சொல்லிடாதே. என்னால ஒன்பது ரூபாய் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிடுவா.

— அவ ஏன் சொல்றா. அந்த மூணு ரூபாய் என்னோடது. செவலை இருமுதுன்னு வியாழக்கிழமை நீதானே வந்து சொன்னே.