பதினோரு கோடு

— பெரிய மனுசன் ஒருத்தன் பக்கத்துல வந்து நின்னா தலையைத் தூக்கிப் பாக்கணும்னு இந்தக் காலத்துல ஒருத்தனுக்காவது தோணுதா? காதுல எதையோ சொருகிக்கிறான், பையைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில வெச்சுக்கறான். பை உக்காந்திருக்கு, நான் நிக்கிறேன். பையைப் பெத்தவன் புண்ணியம் பண்ணவன்!

— இப்படி வந்து உக்காருங்க ஐயா. பால்பண்ணை ஸ்டாப் மேஸ்திரி நீங்கதானே? பஸ் வழித்தடம் பாக்கற ஆபீசரைத் தேடறதா வாட்ச்மேன் சொன்னாரு. நான்தான் அது.

— நீங்களா? மீசை வெச்ச ஆளா இருக்கும்னு நெனச்சேன். சரி, கதவைச் சாத்துங்கம்மா.

— இது வராண்டா ஐயா. கதவு கிடையாது.

— அப்ப மெதுவாப் பேசுவோம்.

— பஸ் விஷயமா இன்னிக்கு நடக்கற கூட்டத்துல பேசறதுக்கா? பட்டியல்ல உங்க மருமக பேரு இருக்கு. உங்க பேரைக் காணோமே.

— கூட்டத்துல பேச எனக்கென்ன கிறுக்கா? மைக்கைக் கையில குடுப்பீங்க, தலையை ஆட்டுவீங்க, எந்திரிச்சதும் மறந்துடுவீங்க. நான் வந்த காரியம் வேற. அவ உள்ள போறதுக்குள்ள உங்க காதுல ஒண்ணு போட்டுட்டு ஓடிடணும்.

— சொல்லுங்க. நாலு மணிக்குக் கூட்டம் முடிஞ்சதும் ஏழாம் நம்பர் பஸ் ஃபைலை மூடிடுவோம்.

— மூடினா?

— பஸ் பைபாஸ் வழியாவே போகும். உங்க பக்கம் இனிமே திரும்பாது.

— திரும்பலைன்னா அவ வேலை போச்சு. ஆஸ்பத்திரியில துணி வெளுக்கற வேலைம்மா, அரசாங்க வேலை. பஸ் நின்ன நாள்லேர்ந்து ஒரு மணி நேரம் நடை. ஒன்பது தடவை லேட்டு. பத்தாவது தடவை லேட்டா வந்தா வீட்டுலயே இருந்துக்கோன்னு எழுதியே குடுத்துட்டான். அவ கால் பாதத்தைப் பாத்தீங்கன்னா வெடிச்ச சுவரு மாதிரி இருக்கும். நான் பாக்கறதில்லை. அவ சோறு போட வர்றப்பகூட வேற பக்கம் பாத்துக்குவேன்.

— ஏன் ஐயா?

— அந்த பஸ்ஸை நிறுத்தினது நான்.

— நீங்க எப்படி நிறுத்த முடியும்?

— ஒன்றரை வருசத்துக்கு முன்னாடி ஸ்டாப்புக்கு ஒரு ஆளைப் போட்டு எண்ணச் சொன்னீங்கள்ல? காலையில ஏழரை வண்டியில எத்தனை பேரு ஏர்றாங்க, அட்டையில ஆளுக்கு ஒரு கோடுன்னு. எங்க ஸ்டாப்புக்கு என்னைப் போட்டாங்க. கையெழுத்துக்கு மேல எழுதப் படிக்க வராது, கோடு போட வரும்ல?

— ஆமா, ஞாபகம் இருக்கு.

— குறைச்சுப் போட்டேன்.

— தெரியாமலா?

— தெரிஞ்சே. சும்மா மழுப்பறதுக்கு நான் வரலை. அதுக்கு முன்னாடி ஒருத்தன் டேப்பும் கையுமா வந்தான். ரோட்டுல வண்டியை எண்ணினான். "சும்மா கணக்குக்குத்தான் பெரியவரே"ன்னு என் வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போனான். ஆறே மாசம். ரோடு அகலமாவுது, என் முன்ரூமு பாதியாவுது. நானே கல்லு வெச்சுக் கட்டின ரூமு. இப்ப காலை நீட்டிப் படுத்தா பெருவிரல் ரோட்டுல இருக்கும்மா, லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்!

— சிரிக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க ஐயா.

— சிரிங்க. நான் என்ன நெனச்சேன், மறுபடியும் எண்ண வந்துட்டான், நெறைய ஆளுன்னு தெரிஞ்சா பெரிய பஸ் ஸ்டாண்டு கட்டறேன்னு மிச்ச பாதியையும் இடிச்சுடுவான்னு. அதான் பதினோரு கோட்டோட நிறுத்திட்டேன். மிச்சப் பேரு ஏறும்போது மரத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். பொய்க்கணக்கு போட்டது நான், தண்டனை அவ காலுக்கு. நெஞ்சு அறுக்குதும்மா. இப்ப சொல்லிட்டேன். ஃபைலை மூடாதீங்க.

— ஒரு நிமிஷம். அந்த அட்டை இந்தக் கட்டுலதான் இருக்கணும்... பால்பண்ணை, பால்பண்ணை... இதோ. ஐயா, எத்தனை போட்டேன்னீங்க?

— பதினொண்ணு.

— இதுல முப்பத்தெட்டு இருக்கே.

— பாத்தீங்களா! உங்க ஆளுங்க உள்ள உக்காந்துக்கிட்டு என்னென்ன வேலை பண்ணியிருக்காங்க!

— எங்க ஆபீஸ்ல யாரும் கோடு போடமாட்டாங்க ஐயா. முதல் பதினோரு கோடு நீல மை. அதுக்கப்புறம் எல்லாம் கருப்பு.

— கருப்புக் கோட்டைப் பாருங்க, கோணலும் மாணலுமா. நான் போட்டா தூக்குக்குண்டு விட்டுப் பாத்தாலும் நேரா நிக்கும். இது என் கையே இல்லை.

— மாமா! நீங்க எங்க இங்க? காலையில மூட்டு வலின்னு படுத்தவரு!

— வந்துட்டா. இவதாம்மா என் மருமக. ஒண்ணுமில்ல புள்ள, காத்து வாங்க வந்தேன்.

— ஆபீஸ் வராண்டாவுலயா? இது என்ன கையில... ஐயோ, அந்த அட்டையா?

— உங்களுக்கு இதைத் தெரியுமாம்மா?

— தெரியும் மேடம். கருப்பு மை நான் போட்டது.

— நீயா?

— ஆமா மாமா. நான் பஸ் ஏறும்போது கையில திணிச்சு, "போற வழியில ஆபீஸ்ல குடுத்துடு"ன்னீங்கள்ல? சீட்டுல உக்காந்து பாத்தேன். பதினொண்ணு. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. நம்ம ஸ்டாப்புல ஏறினவங்க அத்தனை பேரும் என் கண்ணு முன்னாடி உக்காந்திருக்காங்க. தலையை எண்ணினேன், முப்பத்தெட்டு. கண்டக்டர்கிட்ட பேனா வாங்கி மிச்சத்தைப் போட்டுட்டேன். பஸ் ஆடினதுல கோணலாயிடுச்சு.

— ஒன்றரை வருசமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

— என்னன்னு சொல்றது? நீங்க பொய் போட்டீங்க, நான் திருத்தினேன்னா? நீங்களே ஒரு நாள் சொல்வீங்கன்னு இருந்தேன். அதான் நான் நெசக் கணக்கு குடுத்துட்டேனே மாமா, நீங்க எதுக்கு இப்படி உருகிப் போறீங்க? அப்படியும் பஸ்ஸை நிறுத்தினவங்க இவங்க. இதைத்தான் இப்ப உள்ள போய்க் கேக்கப் போறேன். முப்பத்தெட்டுப் பேரை எப்படி ஒருத்தரும் இல்லைன்னு நோட்டீஸ்ல எழுதினீங்கன்னு.

— அது... அந்த அட்டை செல்லாதுன்னு முத்திரை விழுந்துடுச்சும்மா. ரெண்டு மை, ரெண்டு கை. செல்லாத அட்டைக்குக் கணக்கு பூஜ்யம். முத்திரை குத்தினது நான்தான். அன்னிக்கு மேசையில முந்நூறு அட்டை. ஒரு நடை வந்து கேட்டிருக்கணும், கேக்கலை.

— நல்லா இருக்கு மேடம். ஒரு நடைதானே? நான் தினம் ரெண்டு நடை நடக்கறேன்.

— தப்புதாம்மா. ஆனா இப்ப வழி இருக்கு. கையை வெச்சது யாருன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்தா, இன்னிக்கே குழுவுல வெச்சு மறுபடி எண்ண உத்தரவு வாங்கிடுவேன். ஃபைல் மூடாது.

— குடுங்க, நான் போடறேன்.

— யோசிங்கம்மா. நீங்க அரசாங்க வேலையில இருக்கீங்க. அட்டையைத் திருத்தினது நீங்கன்னு பதிவானா, முறைப்படி உங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் போகும்.

— ஒன்பது லேட்டுக்கு மேல அது ஒண்ணா? போகட்டும். அதான் சொல்றேன்ல, நான் பண்ணினது தப்பில்லை.

— சும்மா இரு புள்ள. அங்க பாரு, உள்ளேருந்து உன்னைக் கூப்பிடறாங்க. போய்ப் பேசிட்டு வா. மைக்கை வாய்க்கிட்ட வெச்சுப் பேசு.

— எங்கயும் போயிடாதீங்க மாமா. இங்கயே இருங்க.

— போ, போ... போயிட்டாளா? இப்ப சொல்லுங்கம்மா. அவ வந்து பேச ஆரம்பிச்சதுலேர்ந்து உங்க முகம் சரியில்லையே. நாப்பது வருசம் சுவரைப் பாத்தவன் நான், விரிசல் எனக்குத் தெரியும்.

— அந்தப் பொண்ணு முன்னாடி சொல்ல மனசு வரலை ஐயா.

— என்னன்னு சொல்லுங்க.

— ஒரு ஸ்டாப்புல பஸ் நிக்கணும்னா எத்தனை பேரு வேணும்னு விதி இருக்கு.

— எத்தனை?

— பத்து.

— பத்தா?

— பத்துப் பேரு ஏறினா போதும், வழித்தடத்தை மாத்தக் கூடாது. உங்க அட்டை நீங்க குடுத்தபடியே வந்திருந்தா பஸ் இன்னிக்கும் அந்தப் பக்கம்தான் ஓடிக்கிட்டிருக்கும்.

— என் பதினொண்ணே போதுமா இருந்திருக்கு. அவ திருத்தினதுதான் கெடுத்திருக்கு.

— ஆமா ஐயா. தண்ணி குடிக்கறீங்களா?

— அவளுக்கு இந்த விதி தெரியுமா?

— தெரியாது. உள்ள அந்தப் பேச்சு வராது. வெளியே வந்து என்னைக் கேட்டா, நான் பொய் சொல்ல முடியாது.

— காகிதத்தை எடுங்க. நான் சொல்றதை எழுதுங்க. நீலமும் நானு, கருப்பும் நானு. கூட ஆள் போடலாம்னு பஸ்ஸுல ஏறி உக்காந்து போட்டேன், கை நடுங்கிடுச்சு. எழுதிட்டீங்களா? எங்க கையெழுத்து?

— இப்பதானே அவங்க என் முன்னாடி ஒத்துக்கிட்டாங்க ஐயா...

— அவ சின்னப் புள்ள, மாமனாரைக் காப்பாத்த ஏதோ உளறிட்டா. உங்களுக்குக் காது சரியாக் கேக்கலை. முந்நூறு அட்டையில ஒண்ணைக் கேக்காம விட்டீங்கள்ல, இதையும் விட்டுடுங்க. இந்தாங்க, போட்டாச்சு.

— சரி ஐயா. இதை இப்பவே உள்ள கொண்டு போறேன். மறுபடி எண்ணுவாங்க, பஸ் வந்துடும். நம்புங்க.

— வந்தப்புறம் பாப்போம். எண்ண வர்றவனுக்கு எங்க வீட்டுல தண்ணி கிடையாதுன்னு சொல்லி அனுப்புங்க. நான் கிளம்பறேன்.

— இருக்கச் சொன்னாங்களே! வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?

— அந்தப் பத்துக் கணக்கை நான் நம்பலைம்மா. ஆபீஸ்காரங்க சொன்ன எதை நான் நம்பியிருக்கேன்? பஸ்ஸைக் கெடுத்தது மாமாதான், அவரே ஒத்துக்கிட்டுப் போயிட்டாருன்னு அவகிட்ட சொல்லிடுங்க.