எழுதி வாங்கி அனுப்ப மறுத்தவருக்கு

சிறப்பு உதவி ஆய்வாளர் திருமதி ஆராயி அவர்களின் பணி நிறைவு விழாவில், மகளிர் காவல் நிலையத்தார் வாசித்தளித்த மடல்

ஜல்லி உடைத்த கையோடு காக்கி உடுத்த வந்த கண்ணியமே! அழுதவளுக்கு அரணே, அடித்தவனுக்கு அச்சமே, எங்கள் அம்மாவே, வணக்கம்!

பொய்ப் புகழ்ச்சி உங்களுக்குப் பிடிக்காது, உள்ளதைச் சொல்கிறோம். உங்களுக்குக் கோபம் அதிகம். டீ ஆறினால் கடைக்காரருக்கும், வழக்கு ஆறினால் எங்களுக்கும் ஒரே மாதிரித்தான் திட்டு விழும். முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்தக் கோபம் ஒரு நாளும் ஆளைப் பார்த்து அளவு மாறியதில்லை.

ஒரு தவறை இங்கே ஒப்புக்கொள்கிறோம். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் மஞ்சுளாவின் வீட்டிலோ வேலையிடத்திலோ கணவன் நந்தகுமார் தலைகாட்டக் கூடாதென்று நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போட்டிருந்தது. மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டிய கையோடு அவன் அவள் வீட்டுக்குள் நுழைந்தான். நீங்கள் அன்று விடுப்பு. “காப்புக் கட்டுனவனப் புடிச்சா சாமி குத்தமுங்க” என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்ல, ‘இனி போகமாட்டேன்’ என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டோம். மூன்றாம் நாள் கொடிக்காலுக்கே போய் அவள் கையை முறித்தான்.

அந்தத் தாளை மேசைமேல் வைத்துக் கேட்டீர்கள்: “ஏனுங்க சாமி, தாளு பத்திரமா இருக்குது, அவ கையி பத்திரமா இருந்துச்சா? காப்புக் கட்டுன கைதானுங்க முறிச்சுது!”

உத்தரவை மீறுவதே தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை, சமாதானம் பேசி முடிக்க அது வாய்க்கால் தகராறு அல்ல என்று உறைக்கச் சொன்னீர்கள். மறுபடி வந்த பெரியவர்களுக்கு நாற்காலி போட்டீர்கள், டீயும் கொடுத்தீர்கள். முதல் தகவல் அறிக்கையை மட்டும் கிழிக்க மறுத்தீர்கள். மஞ்சுளாவே கலங்கி, “ஊட்டுக்காரரு செயிலுக்குப் போனா ஊரு என்னயப் பேசுமுங்க” என்றபோது, “ஊரு பேசட்டும் சாமி, நீ உசுரோட இருந்து கேளு” என்றீர்கள். மீறியதற்குத் தனியாகவும் முறித்ததற்குத் தனியாகவும் தண்டனை வாங்கித் தந்தீர்கள்.

அடுத்த மாதம் அவன் வெளியே வருகிறான். இதோ, இந்தத் தாம்பாளத்து வெற்றிலை, முறிந்து கூடிய அந்தக் கை கிள்ளி அனுப்பியது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: “அம்மா போயிட்டா, நான் கூப்புட்டா போன யாருங்க எடுப்பாங்க?”

நாங்கள் எடுப்போம், அம்மா. உத்தரவு இன்னும் நடப்பில் இருக்கிறது. எழுதி வாங்கி அனுப்பும் வழக்கம்தான் இனி இந்த நிலையத்தில் இல்லை.

முழங்கால் வலி தீர்ந்து, டீயைச் சூடாகவே குடித்து, நூறாண்டு கடந்தும் இதே கோபத்தோடு நலமாக வாழ்க நீங்கள்!

தவறியதையும் திருந்தியதையும் மறைக்காத,
உங்கள் நிலையத்தார்