ஐந்து ஆம்பியரில் ஓர் எழுத்துரு

— போடாதே! ரம்சி, அந்த இஸ்திரிப் பெட்டியைச் சுவத்துல சொருகினே, கையை ஒடிச்சிடுவேன்.

— நான் எப்ப சொருகினேன் அக்கா? கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், அவ்வளவுதான்.

— மத்தியானமும் இதைத்தான் சொன்ன. நமக்கு விடுற அஞ்சு ஆம்பியர் தாங்காம பிரேக்கர் விழுந்து வீடே இருட்டாச்சு. திரும்ப கம்ப்யூட்டரைப் போட்டா, இந்த ஃபாண்ட் சாஃப்ட்வேர் நான் யாருன்னே தெரியாத மாதிரி முழிக்குது.

— வரைஞ்ச எழுத்தெல்லாம் போச்சா?

— எழுத்து பத்திரமா இருக்கு. நான் ஒழுங்கு பண்ணி வச்ச இடம்தான் போச்சு. இங்க பாரு, திரை முழுக்க எத்தனை விண்டோ! வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல செருப்பு கிடக்கிற மாதிரி.

— அக்கா, மணி அஞ்சேகால். ஏழு மணிக்கு ரூலாவைப் பொண்ணு கேட்கப் போகணும். இந்தச் சட்டையைப் பாரு, மாடு மென்னு துப்பின மாதிரி இருக்கு. இதைப் போட்டுக்கிட்டுப் போனா அவங்கப்பா அபூ நஸீஃப் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவார். உயிரே போச்சு.

— உனக்கு ஏழு மணி, எனக்கு ஆறு மணி. ஆறு மணிக்கு அதே அபூ நஸீஃப் இந்தத் திரையைப் பார்த்துட்டு எழுத்து பிடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லணும். பிடிக்கலன்னா என் நாலு மாச உழைப்பு குப்பைக்குப் போகும்.

— கரண்டு விக்கிற மனுஷனுக்கு எதுக்குக்கா தனி எழுத்து?

— தெருவுக்குத் தெரு இருக்கிற கரண்டுப் பெட்டியில, பில்லுல, போர்டுல போடத்தான். தூரத்துல பார்த்தாலே அவர் பெட்டின்னு தெரியணுமாம். எவனும் ஒயர் போட்டுத் திருடக் கூடாதாம்.

— தெருவையே ஓட்டுற ஜெனரேட்டர் வச்சிருக்கார். சம்பந்தம் பண்ணப் போற வீட்டுக்கு இன்னும் அஞ்சு ஆம்பியர் விட்டா குறைஞ்சா போயிடுவார்? ரூலா சொன்னா, அவங்க வீட்டுல ஃப்ரிட்ஜைத் திறந்தா எண்ண ஆரம்பிச்சிடுவாராம். மூணு எண்ணுறதுக்குள்ள மூடணுமாம்.

— அந்த வீட்டுக்குத்தான் நீ காபி குடிக்கப் போற.

— குடிக்கவா விடுவாங்க? அவர் சம்மதம்னு சொல்ற வரைக்கும் கப்பைத் தொடாம உட்காரணும். முதல்ல அங்க காபி போடுவாங்களான்னே தெரியல.

— பேச்சை விடு. உட்கார்ந்து மவுஸைப் பிடி, நான் வரைஞ்ச தாளைப் பார்த்து அளவு எடுக்கணும். கரண்டு போனா நெட் வர கால் மணி நேரம் ஆகுதுன்னு அவரோட வீடியோ அழைப்பை இப்பவே திறந்து வச்சுட்டேன். திரையும் அவருக்குத் தெரியற மாதிரிதான் இருக்கு. ஆறு மணிக்கு அவர் உள்ள வந்தா போதும்.

— முன்னாடியே வந்துட்டா?

— அவரா? நேரத்துக்கு முன்னாடி அவர் செஞ்ச ஒரே காரியம் கரண்டை நிறுத்தினதுதான். ம், மூணே மூணு விண்டோ இருக்கட்டும். எழுத்து வரையற பெரிசு நடுவுல, அளவு காட்டுறது வலப்பக்கம், வார்த்தை அடிச்சுப் பார்க்கிற நீளமானது கீழே. மத்ததெல்லாம் மூடு.

— கலருக்கு ஒண்ணு இருக்கு.

— மூடு.

— ஏதோ கணக்கா ஓடுது, ஒண்ணும் புரியல.

— எனக்கும்தான் புரியாது. மூடு.

— மூலையில ஒரு குட்டி விண்டோ பச்சைப் புள்ளியோட எட்டிப் பார்க்குது.

— மூடுடான்னா! ஒவ்வொண்ணுக்கும் என்னைக் கேட்கணுமா?

— மூடிட்டேன், கத்தாதே.

— இப்பதான் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. அடுத்து, நான் கையால வரைஞ்சது பின்னாடி மங்கலாத் தெரியுதுல்ல? அது நகராம ஒரு பூட்டு போடு.

— அபூ நஸீஃப் பெட்டிக்குப் போடுற மாதிரியா?

— அவர் ரெண்டு போடுவார், நீ ஒண்ணு போடு. ஐயோ, வரி இடப்பக்கத்துல இருந்து ஓடுது பாரு! அரபியாச்சே, வலப்பக்கத்துல இருந்துன்னு மாத்து. சரி, எழுந்திரு, இனி நான் பார்த்துக்கிறேன். எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதான்னு பார்க்கணும், ஒரு வார்த்தை சொல்லு.

— ரூலா.

— அவ பேரு எதுக்கும் உதவாது. கடைசி ரெண்டு எழுத்து மட்டும்தான் கை கோக்கும், மத்தது தள்ளித் தள்ளி நிக்கும்.

— நல்ல சகுனம் சொன்னே போ! அப்ப அவங்கப்பா பேரை அடி. கூடவே கஞ்சன்னு சேர்த்து அடி.

— டேய்!

— சும்மா அடிச்சுப் பாருக்கா, யாரு பார்க்கப் போறா? அப்புறம் அழிச்சுக்கலாம்.

— அபூ நஸீஃப்... கஞ்சன். அட! என்னமா ஒட்டிக்கிச்சு! கஞ்சனோட நாலு எழுத்தும் இடைவெளியே இல்லாம ஓடுதுடா. இந்த ஆளுக்காகவே பொறந்த வார்த்தை போல.

— நான்தான் சொன்னேன்ல.

— குரல் எங்கேயோ இருந்து வருது. எங்கடா இருக்கே? அது என்ன, புஸ்ஸுன்னு சத்தம்?

— ஆவி.

— சொருகிட்டியா?

— அஞ்சு நிமிஷம் ஆச்சு அக்கா. காலர் மட்டும்தான், கோவிச்சுக்காதே.

— அஞ்சு நிமிஷமா? கம்ப்யூட்டரும் ஓடுது, இஸ்திரியும் ஓடுது, பிரேக்கர் விழலையே! எப்படிடா?

— யாருக்குத் தெரியும்? கஞ்சன் கண் அசந்துட்டாரோ என்னவோ.

— அசரல தம்பி.

— ரம்சி... இது யாரு பேசுறது?

— நான்தான்மா, அபூ நஸீஃப். மாடு மென்ன சட்டைப் பேச்சுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— மாமா! ஐயோ! உங்க விண்டோ திரையில இல்லையே!

— அதைத்தான் தம்பி மூடிட்டாரே. பச்சைப் புள்ளியோட எட்டிப் பார்த்தது நான்தான்.

— மாமா, அது வந்து... எழுத்து ஒட்டுதான்னு பார்க்கத்தான்... தப்பா நினைக்காதீங்க...

— ஒட்டுது. என் பேரும் ஒட்டுது, கஞ்சனும் ஒட்டுது. கடைசி எழுத்தோட வாலை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ, அதுல தாராளமா விட்டுட்டே.

— அப்ப... எழுத்து பிடிச்சிருக்கா மாமா?

— பிடிச்சிருக்கு. ஃப்ரிட்ஜ் கதையும் நிஜம்தான். அஞ்சு ஆம்பியர் பேச்சைக் கேட்டுட்டு, ஃபோனும் கையுமா வேகமா வந்து கீழ உங்க வாசல் பெட்டியைத் திறந்து, பிரேக்கரைச் சுத்தி நேரா ஒரு ஒயர் கொடுத்தேன். இருபது வருஷத்துல யாருக்கும் செஞ்சதில்ல. என் ஒயரை நானே திருடியிருக்கேன்.

— ரம்சி, ஏதாவது பேசுடா! மரம் மாதிரி நிக்காதே!

— மா... மாமா...

— பேச்சை ஏழு மணிக்கு வச்சுக்கலாம். ரூலா காபிக்குத் தண்ணி வச்சாச்சு, இந்த ஜெனரேட்டர் புகையையும் மீறி உங்க ஜன்னல்ல இருந்து கருகல் வாசனை கீழ வரைக்கும் அடிக்குது. முதல்ல இஸ்திரியைத் தூக்குங்க மாப்பிள்ளை!