சனிக்கிழமை பத்து மணிக்கு நாலு பேர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஷட்டில் கோர்ட் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை மேடம். மாணவர் நலப் பிரிவில் இருக்கும் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒருவர் பெயரில் மாதத்துக்கு ஒரு தடவைதான் பதிய முடியும். நாலு பேர் அடையாள அட்டையோடு வந்து நிற்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் அந்த வாரம் போச்சு.

எங்கள் வீட்டில் சரியாக நாலு பேர். நால்வரும் நிர்வாகம் படிக்க வெளிநாடு வந்தவர்கள். எங்களைப் போன்றவர்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். என்ன செய்யலாம் என்று கூட்டம் போடுவோம். முதல் மாதம் முழுக்க அப்படித்தான் போனது. நாங்கள் சேர்மன் என்று கூப்பிடுகிறவன், எந்தச் சினிமாவுக்குப் போகலாம் என்று கட்டம் போட்டு, சாதக பாதகங்களைச் சுவரில் படமாகக் காட்டி முடிப்பதற்குள் தியேட்டரில் படமே முடிந்திருக்கும். கும்பகர்ணன் என்று பெயர் வாங்கிய இன்னொருவன் பாதியிலேயே குறட்டை விட்டுத் தன் எதிர்ப்பைப் பதிவு செய்துவிடுவான். கடைசியில் நான்தான் ஷட்டில் என்று முடிவு கட்டினேன்.

நாலாவது ஆள் மாப்பிள்ளை. ஊரில் நிச்சயதார்த்தம் முடித்த கையோடு விமானம் ஏறியவன். வேலை கிடைத்ததும் கல்யாணத் தேதி குறிக்கலாம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

வாரம் ஒருவர் பெயரில், அவரவர் மின்னஞ்சலிலிருந்து பதிய வேண்டுமே, அதற்காக மூவரும் தங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்திருந்தார்கள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. அதை நான் கெடுத்ததே இல்லை. ஒரு வாரம்கூடக் கோர்ட் தவறியதில்லை.

குளிர் விடுகிற சமயத்தில் மாப்பிள்ளையின் மின்னஞ்சலுக்கு ஒரு வேலைக் கடிதம் வந்தது. சனிக்கிழமையும் வேலை உண்டு என்று கீழே போட்டிருந்தார்கள். நான் பதறவில்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி நிதானமாக யோசித்தேன். ஒருவனுக்கு லாபம், மூவருக்கு நஷ்டம். நன்றி சொல்லி, வர இயலாததற்கு வருந்தி, அவன் பெயரில் பதில் போட்டேன். அவனே எழுதியிருந்தால் நாலு பிழையாவது இருந்திருக்கும். பிறகு இரண்டு கடிதங்களையும் அழித்துவிட்டேன்.

அடுத்த வேலை வேறு ஊரில். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மூன்றாவது இடத்தில் சனிக்கிழமை விடுமுறைதான். ஆனால் வாரம் முழுக்க உழைக்கிறவன் சனிக்கிழமை காலையில் தூங்கத்தான் பார்ப்பான், இல்லையா?

அவன் முகம் வாடும்போதெல்லாம் நான்தான் டீ போட்டுக் கொடுத்துத் தேற்றினேன். "விடு மாப்ள, உன்ன வேலைக்கு வச்சுக்க அவனுங்களுக்குக் குடுத்து வைக்கல" என்பேன். பெண் வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சம்பந்தமே வேண்டாம் என்று சொன்ன வாரம், நாலு ஆட்டத்தில் மூன்றை அவனுக்கே விட்டுக்கொடுத்தேன். அதை இதுவரை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

போன வாரம் அந்த மூன்றாவது நிறுவனத்திலிருந்து அவனுக்குப் போன் செய்து, ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். போனும் கையுமாக வந்து என் முன்னால் நின்றான். நான் பொய் சொல்லவில்லை.

"நான்தான்டா. மூணு எடத்துக்கும் நான்தான் எழுதுனேன்."

"ஏன்டா?"

"சனிக்கிழமைக்கு நாலு பேர் வேணுமேடா."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. உட்கார்ந்து அழுதான். சேர்மன்தான் குதித்தான்.

"உனக்கு மனசாட்சி இருக்காடா? எனக்கும் கும்பகர்ணனுக்கும் ஷட்டில்னாலே ஆகாது. 'அவனுக்கு நம்மள விட்டா யாருடா இருக்கா, வாங்கடா'ன்னு மாப்ளதான் வாராவாரம் எங்கள இழுத்துட்டு வந்தான்."

கும்பகர்ணன் அன்றைக்குத் தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். திறந்து கிடந்தால் சளி பிடிக்கும். கோபத்தில் மனிதர்கள் ஆயிரம் பேசுவார்கள், அதையெல்லாம் பெரிதுபடுத்தக் கூடாது.

எழுதிக்கொள்ளுங்கள் மேடம். மூன்று கடிதங்களும் நான் எழுதியவைதான். நால்வரின் நன்மைக்காகத்தான் எழுதினேன். நீங்கள் ஒன்று மட்டும் விசாரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும். இந்தச் சனிக்கிழமை கோர்ட் மாப்பிள்ளை பெயரில் பதிவாகியிருக்கிறது. அவன் வெள்ளிக்கிழமையே படிப்பை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புகிறான். அவனுடைய அடையாள அட்டையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால், உள்ளே விடுவார்களா?