சிவக்காத தக்காளி

சுதந்திர தினமான மெர்டேக்காவுக்கு முந்தைய வாரம், காஜா பேராங்கிலிருந்து பட்டணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். அடுத்தடுத்த கொல்லைக்காரிகள்.

“மெர்டேக்கா வந்தாலும் என் தக்காளி சிவக்காது போலக்கா!” என்றாள் இளையவள்.

“உருண்டைத் தக்காளி சிவந்துச்சே?”

“அது சிவந்துருச்சி. புது விதைதான் மஞ்சளாவே நிக்குது. சிவக்கட்டும்னு விட்டா, அணில் தின்னுட்டுப் போயிடுது.”

“அது மஞ்சள் ஜாதி லா, சிவக்கவே சிவக்காது. தேனாட்டம் இனிக்கும்!”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தச் செடி என்கிட்ட மட்டும்தானே இருக்கு?”

மூத்தவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“அடிப்பாவி அக்கா! நீங்கதானா அந்த அணிலு? செடிக்குப் போட வலை வாங்க உங்களையே துணைக்குக் கூட்டிட்டு வந்தேனே!”

சிரிப்பில் மூத்தவளுக்கு மூச்சு வாங்கியது.

“அதான் பெரிய கண்ணு வலையா வாங்கச் சொன்னேன். என் கை நுழைய வேணாமா?”