தலை இடிக்கும் வாசல்

அட, ஏணியை நான் பிடிச்சுக்கறேன்னு சொல்றேன்ல, மேஸ்திரி? தைரியமா ஏறுங்க. என்ன, ராஜா ஏணி பிடிக்கறதாவதுன்னு பாக்கறீங்களா? நீங்க வாங்கன்னு கூப்பிடறதும் கூச்சமா இருக்கா? போகப் போகப் பழகிடும். நானே இப்பத்தான் பழகறேன்.

சபை வாசலோட அந்த மேல் கல்லை மொத்தமா எடுத்துடுங்க. ஆமா, போன வருஷம் நான் வைக்கச் சொன்ன அதே கல்லுதான். உயரமானவங்க தலை இடிச்சுக்குவாங்க ராஜான்னு நீங்க அப்பவே தலையைச் சொறிஞ்சீங்க. நான் எரிஞ்சு விழுந்தேன். சபைக்குள்ள வர்றவன் குனிஞ்சு வரட்டும், அதுக்குத்தானய்யா வைக்கச் சொல்றேன்னு கத்தினேன். எனக்கு மறந்து தொலைய மாட்டேங்குது.

பட்டம் கட்டின அன்னைக்கு எங்கப்பாவோட கிரீடம் என் காது வரைக்கும் இறங்கிடுச்சு. யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. சிரிச்சுக்கோங்க, நீங்களும் பரவாயில்ல. அதுக்கப்புறம் உள்ள துணியை அடைச்சு வச்சுத்தான் அதைத் தலையில நிறுத்தறேன். யாரு என்னைப் பாத்தாலும் சிரிக்கற மாதிரியே இருக்கும். குனிஞ்சு வந்தா மூஞ்சி தெரியாதுல்ல? அவ்வளவுதான் என் ராஜதந்திரம். வெளிய சொன்னா வெக்கக்கேடு.

அப்புறம் அந்த மழை வந்துச்சு. ஏரிக்காவலர் மூச்சு வாங்க ஓடி வந்தாரு. கரை உடையப் போகுதுன்னு சொல்ல வர்றவரு வாசலோட உயரத்தையா பாப்பாரு? இந்தக் கல்லுல மடேர்னு மோதி மல்லாந்துட்டாரு. நான்தான் முதல்ல சிரிச்சேன், மேஸ்திரி. ராஜா சிரிச்சா சபை சும்மா இருக்குமா? அவருக்கு நினைவு வர்றதுக்குள்ள ஏரித்தெரு முழுக்கத் தண்ணி. சனங்க கூரையில ஏறித் தப்பிச்சாங்க. வீடு வாசல் எல்லாம் போச்சு.

கொஞ்சம் இருங்க. இல்ல, ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி.

எங்களுக்கு ஏன் முன்னாடியே சொல்லலன்னு அவங்க வந்து கேட்டாங்க. காவலன் குடிச்சுட்டு விழுந்து கிடந்தான்னு ஊரெல்லாம் தண்டோரா போட்டாங்களே, அது நான் போடச் சொன்னது. வாய் கூசாம சொன்னேன். அவரு ஒரு சொட்டு குடிக்கல. உங்களுக்குத் தெரியாததா? உங்க கூடப் பொறந்த தம்பியாச்சே.

ஏன் இறங்கிட்டீங்க? திட்டவாவது செய்யுங்க.

ஏரித்தெரு சனங்களைச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன். துணி அடைக்காத கிரீடத்தோட நின்னு, நடந்ததை நானே சொல்லப்போறேன். கிரீடம் காதுக்கு இறங்கினா இறங்கட்டும். உங்க தம்பி இந்த வாசல்ல நிமிந்து வரணும். கூட்டிட்டு வருவீங்களா?

சுத்தியலை எதுக்கு என்கிட்ட நீட்டறீங்க? நானா?

சரி, குடுங்க.

மேஸ்திரி... ஏணியை நீங்க பிடிச்சுக்குவீங்கல்ல?