ஆறு மணி மாத்திரை

— கைய எடுங்க அண்ணி. மெஷின் ஓடுறப்போ குழாயத் தொடக் கூடாது.

— தொட்டா என்ன பண்ணுவ? என் புருஷன், நான் தொடுவேன். இன்னையோட நாலு தடவ ஆச்சு. ரத்தத்த உருவுற, மஞ்சத் தண்ணியப் பிரிச்சுக் கொட்டுற, வேற தண்ணிய ஏத்துற. மனுஷன் வாயத் திறந்து ஒரு வார்த்த பேசினாரா?

— அந்த மஞ்சத் தண்ணியிலதான் அண்ணி வியாதியே இருக்கு. நரம்பு சொல்றத சதைக்குப் போக விடாம அதுதான் மறிக்குது. கழிக்கக் கழிக்கத்தான் வாயும் தொண்டையும் வேலை செய்யும். இன்னும் ஒரே ஒரு தடவ. கையெழுத்துப் போடுங்க.

— போட மாட்டேன். எங்க கல்யாணத்துக்கு வாசல் வரைக்கும் வந்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவதானே நீ? இன்னைக்கு டாக்டரா வந்து நின்னதும் அண்ணன் மேல பாசம் பொத்துக்கிட்டு ஊத்துதாக்கும்!

— அத விடுங்க. காலைல மாத்திரை எத்தன மணிக்குக் குடுத்தீங்க?

— ஆறுக்கு. என் கையால வாயில போட்டு, தண்ணி ஊத்தி. ஒரு நாள் தவறினதில்ல.

— மெஷின் போடுற நாள்லயுமா? எட்டு மணிக்கு நான் மெஷின ஓட்டுறேன். உள்ள போன மருந்தும் அந்த மஞ்சத் தண்ணியோட சேர்ந்து வெளிய வந்துடும்ல! மெஷின் நின்னப்புறம் குடுக்கணும். அண்ணன் தேறாததுக்குக் காரணம் நீங்கதான்.

— நானா? இந்தா, இந்தச் சீட்டப் படி. காலை ஆறு மணின்னு எழுதினது யாரு?

— நான்தான். அது மெஷின் இல்லாத நாளுக்கு.

— அப்படின்னு எங்கடி எழுதியிருக்க? இவ்வளவு நாளா உன் சீட்ட சாமி வாக்கா நெனச்சேனே, பாவி! மெஷின நிறுத்து. இனிமே இவர் பக்கத்துல உன் நிழல்கூட விழக் கூடாது.

— பாதியில நிறுத்த முடியாது அண்ணி.

— நிறுத்துடின்னா!

— ரெண்டு பேரும்... வாய மூடுங்க.

— அண்ணா!

— என்னங்க... பேசுறீங்களா? மூணு வாரத்துக்கு அப்புறம்... ஐயோ, இன்னொரு தடவ பேசுங்க!

— மாத்திரை... ஒண்ணுகூட நான் முழுங்கல. கஞ்சி இறங்குது, மாத்திரை தொண்டைல இறங்கல. தெரிஞ்சா மூக்குல குழாய் சொருகிடுவீங்களோன்னு பயம். நீ அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பிடுவேன். மொதல்ல அவ கேக்குற கையெழுத்தப் போடு... அப்புறம் இந்தத் தலகாணி உறையக் குலுக்கிப் பாரு.